பன்னிரண்டு பேர் எடுத்த காய்

“விபத்துக்குப் பின் மனுதாரர் எந்த வேலைக்கும் செல்ல இயலாத நிலையில் உள்ளார்.” வக்கீல் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் இந்த ஒரு வரியை எத்தனை மனுக்களில் அடித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. பெயரை மாற்றுவோம், ஊரை மாற்றுவோம், கால் என்று இருப்பதைக் கை என்று மாற்றுவோம். இந்த வரியை மட்டும் யாரும் தொட மாட்டோம். ரோட்டோரம் நடந்து போனவன், பால் வாங்க ரோட்டைக் கடந்தவள், பஸ்சுக்கு நின்றவள் எல்லோருக்கும் அதே வரிதான். யோசித்து எழுதியது இல்லை, கைக்குப் பழகிப் போனது. எங்கள் மதினியின் மனுவிலும் அதை அடித்தது நான்தான். அடித்து முடித்துவிட்டு டீ குடிக்கப் போனேன். அன்றைக்கு டீயில் சர்க்கரை கம்மி என்று கடைக்காரரிடம் சண்டை போட்டதுகூட ஞாபகம் இருக்கிறது. அந்த வரியை ஒரு தரம் வாசித்துப் பார்க்க மட்டும் தோன்றவில்லை.

மதினி என் அண்ணன் மனைவி. ராசிங்காபுரத்தில் இருக்கிறாள். அண்ணன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது அவளுக்குப் பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் பிள்ளை. மலையில் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போய்த்தான் அந்தப் பிள்ளையை வளர்த்தாள், கட்டியும் கொடுத்தாள். நாலு மணிக்கு எழுந்து சோறாக்கி, தூக்குவாளியில் போட்டுக்கொண்டு, ஐந்தரைக்கு மெயின் ரோட்டில் நிற்க வேண்டும். ஜீப்பு வரும். ஒரு ஜீப்பில் பதின்மூன்று பெண்கள். போடியைத் தாண்டி, கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி, மலை உச்சியில் இருக்கிற மெட்டுக்கு அந்தப் பக்கம் கேரளாவுக்குள் எஸ்டேட்டு. பொழுது சாய்வதற்குள் திரும்ப வேண்டும். அந்த ஜீப்பில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்காருகிற ஒருத்தி உண்டு, முன்சீட்டு அக்கா என்பார்கள். ஆள் சேர்ப்பது, வராதவளை வீட்டுக்கே போய்த் திட்டிக் கூட்டி வருவது எல்லாம் அவள்தான். வாயைத் திறந்தால் ஊர் அதிரும். மதினிக்கு அவள்மேல் அப்படி ஒரு பிரியம். எனக்கு அவளைக் கண்டாலே கொஞ்சம் பயம்.

மதினியும் லேசுப்பட்டவள் இல்லை. நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனால் போதும், “வாங்க, கோட்டு வாங்கக் காசில்லாத வக்கீலய்யா” என்பாள். எனக்கு நல்ல கோபம் வரும். சிரித்தும் விடுவேன்.

விபத்து என்று சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. எல்லா விபத்தும் சொல்லும்போது இரண்டு வரிதான். விடியற்காலை, தூக்குவாளியோடு ரோட்டோரம் நடந்து போகிறாள். மலையைச் சுற்றிப் பார்த்துவிட்டு இரவெல்லாம் கார் ஓட்டி வந்த ஒரு குடும்பம், தூக்கக் கலக்கத்தில் தார் ரோட்டை விட்டு மண்ணில் இறங்கியது. இடது முட்டி நொறுங்கிப் போனது. கார்க்காரர் கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிக்கொண்டு வந்தார். இன்சூரன்ஸ் இருக்கும்மா, கவலைப்படாதீங்க என்று சொல்லிவிட்டுப் போனார். ஆபரேஷன் ஆயிற்று, தகடு வைத்தார்கள். ஆறு மாதம் படுக்கை. அதற்கப்புறம் நடந்தாள். ஆனால் முட்டி பாதிக்கு மேல் மடங்கவில்லை. ஏலக்காய் மரத்தில் தொங்குகிற சாமான் இல்லை. செடியின் தூரில், மண்ணோடு மண்ணாகப் படர்ந்து கிடக்கிற சரத்தில் காய்க்கும். குத்துக்காலிட்டு உட்கார்ந்தால்தான் கைக்கு எட்டும். மடங்காத முட்டியோடு அந்த வேலைக்குப் போவதும் போகாததும் ஒன்றுதான்.

நடந்து போகிறவர்களின் கேஸ் நடத்துகிற கொடுமை குமாஸ்தாவுக்குத்தான் தெரியும். காரில் வந்தவரிடம் லைசென்ஸ் இருக்கிறது, ஆர்.சி. புத்தகம் இருக்கிறது, இன்சூரன்ஸ் காகிதம் இருக்கிறது. நடந்து போனவளிடம் என்ன இருக்கிறது? அவள் அன்றைக்கு வேலைக்குத்தான் போனாள் என்பதற்கு ஒரு துண்டுச் சீட்டு உண்டா? சம்பளத்துக்குச் சான்று கேட்டு நானே இரண்டு பஸ் மாறி அந்த எஸ்டேட்டுக்குப் போனேன். அங்கே இருந்த கணக்குப்பிள்ளை தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “ஜீப்புல வர்ற ஆளுக்கெல்லாம் லெட்டர் குடுக்குற வழக்கம் இல்ல கேட்டோ” என்றார். தமிழ் ஆள்தான். மலையில் இருந்து இருந்து மலையாளம் ஒட்டிக்கொண்டது. பேரேட்டில் அவள் பெயர் இருக்கிறதே, ஒரு நகல் கொடுங்கள் என்றேன். மூடி வைத்துவிட்டார். வயிறு எரிந்துகொண்டே இறங்கி வந்தேன்.

மதினிக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. இரண்டு கறவை மாடு. வருமானம் போனதற்கு நஷ்டஈடு வந்தால் இரண்டு மாடு வாங்கிக் கட்டிவிட்டு மலையேறுவதை விட்டுவிடலாம். பால் சொசைட்டி வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது. “மாட்டுக்கு முன்னாடி முட்டி மடக்கணும்னு இல்ல கொழுந்தனாரே, முக்காலி போட்டுக்கிருவேன்” என்று எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள். மாட்டுக்குப் பெயர்கூட வைத்துவிட்டாள் என்று நினைக்கிறேன். என்னிடம் சொல்லவில்லை, கேலி செய்வேன் என்று.

கேஸ் என்றைக்கு நாம் நினைத்த வேகத்தில் நடந்திருக்கிறது? வாய்தா, வாய்தா, வாய்தா. நடுவில் ஒரு நாள் மதினி மறுபடி ஜீப்பில் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். “என்ன மதினி, போறீகளாமே?” என்றேன். “சும்மா வீட்ல கெடந்து என்ன செய்ய? போறேன்” என்றாள். ஸ்டோரில் உட்கார்ந்து காய் பிரிக்கிற வேலையாக இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். என்ன வேலை, எப்படிச் செய்கிறீர்கள் என்று அடுத்த கேள்வி கேட்கவில்லை. வருகிற கட்சிக்காரரையெல்லாம் உட்கார வைத்து, சாப்பிட்டது முதல் தூங்கியது வரை துருவித் துருவிக் கேட்டு எழுதுகிறவன் நான். சொந்த மதினியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனுவில் இருந்த வரியையும் திருத்தவில்லை. வீட்டு வேலை என்றால் வருகிற அலட்சியம், வேறென்ன.

சாட்சி சொல்ல வேண்டிய நாள் வந்தது. பஸ்ஸில் போகும்போதே பாடம் நடத்தினேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், கதை சொல்லாதீர்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். “சரிங்க வாத்தியாரே” என்றாள். கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கோர்ட்டுக்குப் பழசைக் கட்டிக்கொண்டு வாருங்கள் என்று கட்சிக்காரர்களுக்குச் சொல்வது என் வழக்கம். அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

எங்கள் வக்கீல் ஐயா கேட்டதற்கெல்லாம் அழகாகச் சொன்னாள். அடுத்து இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் எழுந்தார். சின்ன வயசு, மரியாதையான பேச்சு. அந்த மரியாதைதான் ஆபத்து.

“விபத்துக்கப்புறம் வேலைக்கே போக முடியலைன்னு மனுவுல சொல்லியிருக்கீங்க. சரிதானேம்மா?”

மதினி என்னைப் பார்த்தாள். நான் மேலே ஃபேனைப் பார்த்தேன்.

“மொதல்ல போகலைங்கய்யா. பெறகு போனேன்.”

“என்ன வேலைக்கு?”

“காய் எடுக்கத்தான்.”

அவர் ஒரு பேரேட்டின் நகலை எடுத்தார். திரும்பிப் பார்க்கிறேன், பின் பெஞ்சில் அந்தக் கணக்குப்பிள்ளை அசல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்கு ஒரு துண்டுக் காகிதம் தராத மனுஷன், கம்பெனிக்காரர்கள் சம்மன் அனுப்பியதும் புத்தகத்தையே தூக்கிக்கொண்டு மலையிறங்கி வந்துவிட்டார்.

“இதுல தெனமும் நீங்க எடுத்த எடை இருக்கு. மத்தவங்களுக்குச் சமமா இருக்கு. முழுக் கூலி வாங்கியிருக்கீங்க. கையெழுத்து உங்களதுதானே?”

“என்னதுதான்.”

“முட்டி மடங்காதவங்க எப்படிம்மா இவ்வளவு எடுத்தீங்க?”

மதினி கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார். சாப்பாட்டுக்கு அப்புறம் தொடரலாம் என்று எழுந்து போய்விட்டார்.

வெளியே ஜெராக்ஸ் கடைக்குப் பக்கத்தில் அவளை நிறுத்தி, “என்ன மதினி இது, பேரேட்டுல என்ன எடை அது?” என்றேன். கத்தினேன் என்றுதான் சொல்ல வேண்டும். வக்கீல் ஐயா என் தோளைப் பிடித்து அடக்கினார்.

“நான் எங்க அம்புட்டு எடுத்தேன்?” என்றாள். “நின்ன வாக்குல குனிஞ்சு எடுத்தா இடுப்பு விட்டுப்போகுது. நான் ஒரு செடி முடிக்கையில அவளுக மூணு செடி முடிச்சிருவாளுக. சாயங்காலம் எடை போடப் போகையில, வழியில, ஆளுக்கு ரெண்டு கை அள்ளி என் சாக்குல போட்டுட்டுப் போயிருவாளுக. நான் கேட்டதும் இல்ல, அவளுக சொன்னதும் இல்ல. மொத நாள் முன்சீட்டுக்காரி போட்டா. மறுநாள்லேருந்து எல்லாரும் போட்டாளுக.”

வக்கீல் ஐயாவின் முகத்தை அப்போது பார்க்க வேண்டும். தோற்ற கேஸ் திரும்பக் கையில் வந்து உட்கார்ந்த சந்தோஷம். “அம்மா, இதை அப்படியே உள்ள வந்து சொல்லுங்க. இதைவிட என்ன வேணும்? அந்தப் பொம்பளைகள்ல ஒருத்தரையோ ரெண்டு பேரையோ சாட்சி போட்டுருவோம். உங்களால வேலை செய்ய முடியலைங்கறதுக்கு இதுதாம்மா அத்தாட்சி.”

“அவளுக பேரெல்லாம் எழுதுவாகளா?” என்று கேட்டாள் மதினி.

“எழுதாம? சாட்சின்னா பேரு, ஊரு எல்லாம் எழுதணுமே.”

“அந்தக் கணக்குப்பிள்ளை உள்ளதான இருக்காரு?”

“அவரு இருந்தா இருந்துட்டுப் போறாரு. அவரால என்னம்மா?”

ஐயாவுக்கு அது புரியவில்லை. எனக்குப் புரிந்தது. அங்கே எடைக்குக் கூலி இல்லை, ஆளுக்கு நாள் கூலி; பன்னிரண்டு பேர் எடுத்த காய்க்குப் பதின்மூன்று பேர் கூலி வாங்கியிருக்கிறார்கள். எஸ்டேட்டுக்காரன் அதை இரக்கம் என்றா சொல்வான்? ஏமாற்று என்பான். ஜீப்பில் ஒருத்தி இரண்டு பேரை மட்டும் நிறுத்துகிற வழக்கமும் மலையில் கிடையாது. ஜீப்பையே வர வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். அந்த வருசக் காய் எடுப்பு தொடங்கிப் பத்து நாள்கூட ஆகாத நேரம் அது. அதற்குள் மற்ற எஸ்டேட்டுகளில் எல்லாம் ஆள் நிரம்பியிருக்கும்.

“ரெண்டு மாடு மதினி!” என்றேன். “இன்னும் எத்தனை வருசத்துக்கு இந்தக் காலை இழுத்துக்கிட்டு மலையேறுவீக? அவளுக பொழைச்சுக்கிருவாளுக. உங்களுக்கு இது ஒண்ணுதான.”

“பன்னெண்டு வீட்டு அடுப்பு கொழுந்தனாரே” என்றாள். அவ்வளவுதான். நான் வாங்கி வந்த புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. எனக்கும் இறங்கவில்லை.

மத்தியானம் மறுபடி கூண்டில் ஏறினாள். கம்பெனி வக்கீல் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

“சொல்லுங்கம்மா. எப்படி எடுத்தீங்க?”

“நானே எடுத்தேன், அய்யா.”

“வேற யாரும் உதவி செய்யலையே?”

“இல்லைங்கய்யா. நானேதான் எடுத்தேன்.”

“அப்ப கால் குணமாயிருச்சு.”

குனிந்து காலைப் பார்த்துவிட்டு, “நடக்குது” என்றாள்.

வக்கீல் ஐயா எழுந்து இரண்டு மூன்று விதமாகக் கேட்டுப் பார்த்தார். யானை வந்து இழுத்தாலும் நகர மாட்டாள் என்று தெரிந்துபோயிற்று. உட்கார்ந்துவிட்டார். நான் பின் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தேன். கணக்குப்பிள்ளை வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, புத்தகத்தின்மேல் கையை வைத்தபடி நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பி நாலு அறை விடலாமா என்று வந்தது. அவர் தூங்கினால் என்ன, மதினி உண்மையைச் சொல்லியிருந்தால் காகிதத்தில் ஏறியிருக்கும், காகிதம் எப்படியும் மலையேறியிருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

தீர்ப்பு வர இன்னும் பல மாதம் ஆனது. ஆஸ்பத்திரிச் செலவு கொடுத்தார்கள். வலிக்கும் வேதனைக்கும் என்று கொஞ்சம் கொடுத்தார்கள். சம்பாதிக்கிற சக்தி போய்விட்டது என்பது நிரூபிக்கப்படவில்லை என்று எழுதிவிட்டார்கள். நீதிபதியைக் குறை சொல்ல முடியாது. அவர் முன்னால் இருந்த காகிதத்தைப் படித்தார். காகிதத்தில் வேலைக்கே போக இயலவில்லை என்று நான் அடித்த வரி இருந்தது, முழு எடை காட்டுகிற பேரேடு இருந்தது, நானே எடுத்தேன் என்ற வாக்குமூலம் இருந்தது. மூன்றில் ஒன்றுகூட உண்மை இல்லை. வந்த பணம் ஆஸ்பத்திரிக்கு வாங்கிய கடனோடு சரியாய்ப் போயிற்று. மாட்டுப் பேச்சை மதினி அதற்கப்புறம் எடுக்கவே இல்லை.

தீர்ப்பு நாளன்று திரும்பி வரும் பஸ்ஸில், ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “நான் சொன்னது அவளுகளுக்குத் தெரிய வேணாம்.”

“கேட்டா என்ன சொல்ல?”

“கோர்ட்டுல அப்படி ஆயிருச்சுன்னு சொல்லிருங்க.”

ஜனங்கள் அதை நம்புவார்களா? கோர்ட்டில் ஒன்று தானாக ஆகுமா, யாரோ ஆக்கியிருக்க வேண்டும். யார்? கூடவே போய்வந்தவன் நான்தானே. ஒரு வாரத்தில் பேச்சு பரவியது. போடி பஸ் ஸ்டாண்டில், பட்டப்பகலில், முன்சீட்டு அக்கா என்னை மறித்தாள். மதினியும் பக்கத்தில் நிற்கிறாள். “அண்ணன் பொண்டாட்டின்னுகூடப் பாக்காம கம்பெனிக்காரன்ட்ட கை நீட்டிட்டேல்ல? நொண்டிப் பொம்பள வயித்துல அடிச்ச காசு ஒட்டுமாடா ஒனக்கு? நல்லாருப்பியா நீ?” கூட்டம் கூடிவிட்டது. பஸ்ஸுக்குள் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். நான் மதினியைப் பார்த்தேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அந்த அக்காவின்மேல் வந்த கோபத்தைவிட மதினியின்மேல் வந்த கோபம் பெரிது. அதற்கப்புறம் மூன்று மாதம் ராசிங்காபுரம் பக்கமே போகவில்லை.

கோபம் ஆறின பிறகு வேறொன்று குடைந்தது. நான் காசு வாங்கவில்லை, சத்தியம். ஆனால் அந்த வரியை வாசித்துப் பார்த்துத் திருத்தியிருந்தால், அவள் எப்படி வேலை செய்கிறாள் என்று முன்கூட்டியே கேட்டிருந்தால், வேறு வழி ஏதாவது தேடியிருக்கலாம். டாக்டரை இன்னும் தெளிவாகச் சொல்ல வைத்திருக்கலாம். அவளை அந்தக் கேள்விக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தாமலாவது இருந்திருக்கலாம். ஊர் என்னைத் திட்டுகிற காரணம் பொய், திட்டு முழுப் பொய் இல்லை. இதை ஒத்துக்கொள்ள எனக்கு நாளாயிற்று.

பன்னிரண்டு வீட்டு அடுப்பை அவள் எத்தனை காலம் காப்பாற்றினாள் தெரியுமா? இரண்டு வருடம். மூன்றாம் வருடம் அந்த எஸ்டேட்டில் வடக்கேயிருந்து ஆட்களைக் கொண்டுவந்து அங்கேயே தங்க வைத்துவிட்டார்கள். ஜீப்பு வேண்டாம் என்று ஒரு போனில் சொல்லி முடித்தார்கள். பதின்மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் சிதறினார்கள். முன்சீட்டு அக்கா இப்போது போடியில் ஒரு குடோனில் ஏலக்காய் தரம் பிரிக்கிறாள். மதினி நூறுநாள் வேலையில் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கிற ஆளாக இருக்கிறாள். அதுவும் கூப்பிட்டால்தான். நான் வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். தட்டச்சு மெஷின்முன் உட்கார்ந்தால் கை அந்த வரியைத் தேடுகிறது, போதும் என்று ஆகிவிட்டது.

போன மாதம் மதினியைப் பார்க்கப் போயிருந்தேன். சேரில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தாள். முட்டி வீங்கியிருந்தது. சமையல்கட்டுக்குள் போய் நானே காப்பி போட்டு இரண்டு டம்ளரில் கொண்டுவந்தேன். மனசில் கிடந்ததைக் கேட்டேவிட்டேன். “ஜீப்பே போயிருச்சு மதினி. எஸ்டேட்டு வேலையும் இல்ல. இனிமே அவுகளுக்கு என்ன கெடுதல் வரப்போகுது? இப்பவாச்சும் சொல்லிரவா? எத்தனை வருசமா இந்தத் திட்டைச் சுமக்கிறது? எனக்கும் வயசாகுதுல்ல.”

மதினி காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தாள். “உங்களுக்குக் கஷ்டந்தான். எனக்குத் தெரியாமயா இருக்கு” என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கே எனக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடத்தில் அவள் அதைச் சொன்னது அன்றைக்குத்தான். பிறகு சொன்னாள்: “சொன்னா முன்சீட்டுக்காரி கை கூசிப்போகும். ஒரு நல்லது செய்யப் போயி இப்படி ஆயிருச்சேன்னு கெடந்து சாவா. வேணாம்.”

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. முன்சீட்டு அக்காதான். குடோன் விட்டு நேரே வந்திருக்கிறாள். சேலையெல்லாம் ஏலக்காய் வாசனை, ஒரு கையில் எண்ணெய்ப் பாட்டில். சாயங்காலமானால் வந்து மதினி காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுப் போகிறாளாம், இரண்டு வருடமாக. எனக்கு யாரும் சொல்லவில்லை. என்னைக் கண்டதும் முகம் சுருங்கியது. “இவனையெல்லாம் எதுக்குடி வீட்டுக்குள்ள விடுற?” என்றாள் மதினியிடம், என்னைப் பார்க்காமலே.

மதினி என்னைப் பார்த்தாள். கூண்டில் நின்றபோது பார்த்தாளே, அப்படி.

இந்தத் தடவை நான் மேலே பார்க்கவில்லை. “தப்பு என்னதுதான்க்கா” என்றேன். “கேஸை நான்தான் கெடுத்தேன்.”

அக்கா எண்ணெய்ப் பாட்டிலைத் தரையில் வைத்தாள். “இன்னைக்காவது வாயைத் தொறந்து ஒத்துக்கிட்டியே” என்றாள். குரலில் பழைய காரம் இல்லை, அவளும் அலுத்துத்தான் போயிருந்தாள். தரையில் உட்கார்ந்து, மதினியின் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றித் தேய்க்கத் தொடங்கினாள்.